மறுத்தவர்களின் காரணங்கள்

2025 ஜனவரி 21, செவ்வாய்

பஸ் கோப்பாயில் டயர் காற்றுப்போய் நின்றுவிட்டது. திருநெல்வேலியில் இறங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் போகும்போது பத்தரை. கணினியில் பிரபுக்கள் சபையின் பதிவேட்டைத் திறந்து, நேற்று விட்ட நாளிலிருந்து தொடர்ந்தேன்.

ஆய்வுத் தலைப்பைச் சொன்னால் ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்து மேல்சபையின் அன்றாட அலுவல்கள். என் கூடப்பிறந்த செந்தூரன் அண்ணை ஒருநாள் கேட்டார்: "முன்னூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரர் கூடிக் கதைச்சது உனக்கு என்னத்துக்கு?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சலிப்பான ஒழுங்கு பிடித்திருக்கிறது. முதலில் வந்தவர்களின் பெயர்கள், ஆயர்கள் முன்னால், மற்றப் பிரபுக்கள் பின்னால். பிரார்த்தனை. பிறகு ஒரு விதவையின் மனு. ஒரு ஜெர்மன்காரரைக் குடிமகனாக்கச் சட்டமூலம், இரண்டாம் வாசிப்பு. எடின்பரோவிலிருந்து ஒரு காணி வழக்கின் மேன்முறையீடு. ஏதோ ஒரு வீதியைத் திருத்த இன்னொரு சட்டமூலம். கடைசியில், சபை நாளைக் காலை பதினொரு மணிக்குக் கூடும்.

இதையெல்லாம் ஒருவன் மேசையில் இருந்து எழுதியிருக்கிறான். வந்தவர்களின் பட்டியலில் அவன் ஒருநாளும் இல்லை.

நானும் அப்படித்தான். அப்பா இறந்தபின் அவருடைய அங்கத்துவம் என் பெயருக்கு வந்தது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இரண்டு வருடமாக நான் செயலாளர். கையெழுத்து வடிவு என்று சொல்லிக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்தவர் தலைவர் நாகலிங்கம் மாமா. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்ன விசயம் என்று அறிவித்தலில் போடவேண்டாமாம்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நாலு மணிக்குக் கூட்டம். வந்தவர்கள் பதினேழு பேர். விசயம் ஒன்றுதான்: கரையில் கருவாடு காயவிடுகிற சங்கத் தரையை முப்பது வருடக் குத்தகைக்கு ஒரு விடுதிக் கொம்பனிக்குக் கொடுப்பது. கொம்பனிக்காரர் யாரும் வரவில்லை. மாமா ஒரு தாளை உயர்த்திக் காட்டினார்.

"கடலுக்குப் போனவையள் முப்பத்தொரு பேர். தங்கடை சம்மதத்தை என்னட்டைத் தந்திட்டினம்."

பிரபுக்கள் சபையிலும் வராதவரின் வாக்கை வந்தவர் போடலாம். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார் என்று அங்கே ஒரு புத்தகத்தில் பதிவார்கள். நான் தாளைக் கேட்டேன். மாமா தரத் தயங்கினார், பிறகு தந்தார். பக்கத்தில் இருந்த குணலட்சுமி அக்காவும் எட்டிப் பார்த்தா.

அக்கா எழும்பினா. புருசன் கடலில் இறந்தபிறகு அந்தத் தரையில் கருவாடு போட்டுத்தான் மகளைப் படிப்பிக்கிறவ.

"நான் சம்மதிக்கேல்லை. எழுது தனுசியா. ஒண்டு, அந்தத் தரையிலை இருபத்திரண்டு பொம்பிளையள் தொழில் செய்யினம். ரெண்டு, கடல் கொந்தளிச்சால் போட்டுகளை இழுத்து ஏத்த வேறை இடம் இல்லை. மூண்டு, உந்தத் தாளிலை பொன்னம்பலம் அண்ணையின்ரை கையெழுத்துக் கிடக்கு. அவரை நாங்கள் புரட்டாதியிலை எரிச்சாச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் எழுதினேன். மறுத்தவர் பெயர், அதன்கீழ் காரணங்கள், ஒன்று இரண்டு மூன்று. அந்தப் பிரபுக்கள் எழுதுவிப்பது போலவே. அக்கா கீழே கையொப்பம் வைத்தா. தாளை மாமா திருப்பி வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மாமா வீட்டுக்கு வந்தார். அண்ணி தேத்தண்ணி கொடுத்தா.

"பிள்ளை, அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுது. அவள் கோவத்திலை கதைச்சது."

"கதைச்சதைத்தானே மாமா எழுதினனான்."

"கதைக்கிறதெல்லாம் எழுதுறதுக்கில்லை."

சிரித்தபடிதான் சொன்னார். பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். வாசற் படலையில் நின்று கேட்டார்: "செந்தூரன் இப்ப எத்தினை மணிக்குக் கடலுக்குப் போறவன்?"

விடியப்புறம் மூன்று மணிக்கு என்றேன். மாமாவின் வீட்டைத் தாண்டித்தான் அண்ணை தினமும் கரைக்குப் போகிறார். அவருக்குத் தெரியாதா?

பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் தெரியாத இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வந்தார்கள். எங்கள் படலையடியில் மெதுவாக்கினார்கள். பின்னால் இருந்தவன் அண்ணியிடம், "இது செயலாளற்ரை வீடோ?" என்று கேட்டானாம். ஓம் என்றாவாம். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நன்றி சொன்னதுதான் பயமாக இருக்கிறது என்கிறா அண்ணி.

பெப்ரவரி 3, திங்கள்

வேலை ஓடவில்லை. ஒரு பக்கம்.

பெப்ரவரி 5, புதன்

அண்ணையின் வலையை வெட்டிவிட்டார்கள்.

கரையில் குவித்து வைத்திருந்த வலை. விடியப்புறம் அவர் போகும்போது ஐந்து இடத்தில் குறுக்கே வெட்டு. பக்கத்து வலைகளில் ஒரு கண்ணிகூட அறவில்லை. அண்ணை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார். பல் துலக்கினார். பிறகு என்னிடம்,

"அந்தப் பக்கத்திலை என்னடி எழுதினனி?"

வாசித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் முகம் மாறியது. "உதை ஏன் எழுதினாய்?"

"உண்மைதானே அண்ணை."

"ஓம். எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சது காணாதோ? எழுதவும் வேணுமோ?"

புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

1722இன் தொடக்க மாதங்களுக்கு வந்திருக்கிறேன். (பதிவேட்டில் 1721 என்றுதான் இருக்கும். அவர்களுக்கு மார்ச் இருபத்தைந்தில்தான் புதுவருடம்.) சிறுபான்மைப் பிரபுக்கள் ஒரு தீர்மானத்தை மறுத்துக் காரணங்கள் எழுதுவிக்கிறார்கள். பிறகொரு நாள் பெரும்பான்மை கூடி அந்தக் காரணங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி கட்டளை இடுகிறது. நீக்கியதை எதிர்த்து மறுபடி காரணம் எழுதுகிறார்கள். மறுபடி கட்டளை. முன்பு இதைக் குறிப்பெடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

எழுத்தர் தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே வெட்டியிருப்பார். அதைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.

ஆய்வு மேற்பார்வையாளர் கேதீஸ்வரி மிஸ்ஸிடம் அந்த இடத்தைக் காட்டினேன். "வெட்டினதோடை முடியேல்லை, தனுசியா. சிலதின்ரை பிரதி வெளியிலை போய் அச்சாகியிருக்கு. தேடிப் பாரும்," என்றா. ஆய்வைத்தான் சொன்னா.

பெப்ரவரி 7, வெள்ளி

நாளை மறுநாள் விசேட கூட்டம் என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. என் பெயர் போட்டு. நான் எழுதவில்லை.

பின்னேரம் குணலட்சுமி அக்காவிடம் போனேன். அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்திருந்தேன். "யாழ்ப்பாணத்திலை சங்கங்களைப் பாக்கிற அதிகாரிக்கு அனுப்பட்டோ அக்கா?"

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னா: "அனுப்பு. எனக்கு என்ன பயம்?"

அனுப்பினேன். அங்கேயே, அவவுக்கு முன்னால் நின்று.

பெப்ரவரி 9, ஞாயிறு

நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அக்கா வரவில்லை. ஆள் அனுப்பினேன், வீடு பூட்டியிருக்கிறதாம்.

காரணங்களைக் குறிப்பிலிருந்து வெட்டவேண்டும் என்று தீர்மானம். கைகள் உயர்ந்தன. அண்ணை கடைசி வரிசை வாங்கில் இருந்தார். அவருடைய கையும் உயர்ந்தது. முழுதாக இல்லை, தோளளவுக்கு.

மாமா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பக்கத்தில் கோடு போட ஒரு அடிமட்டமும் வைத்தார். வடிவாக வெட்டட்டும் என்றுதானே?

வெட்டினேன். மூன்று காரணம், ஒன்பது வரி. ஒன்பது கோடு. இல்லை என்று சொல்லி எழும்பிப் போயிருக்கலாம். முற்றத்தில் கிடந்த வலை கண்ணுக்குள் வந்தது. கோடு நேராகத்தான் விழுந்தது.

பெப்ரவரி 10, திங்கள்

படம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிகாரி விசாரணைக்கு வருவாராம். யாருக்கும் சொல்லவில்லை. நிம்மதி என்று எழுதப் பார்க்கிறேன், அந்தச் சொல் வரவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் மாமாவோடு கைகுலுக்கினார். சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு, என்னையும் குணலட்சுமி அக்காவையும் கூப்பிட்டார். வெட்டிய பக்கத்தையும் நான் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தார்.

பொன்னம்பலம் அண்ணையின் கையெழுத்தைப் பற்றிக் கேட்டார். "எங்கடை ஊரிலை பொன்னம்பலம் ரெண்டு பேர், சேர்," என்றார் மாமா. அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் பொன்னம்பலம் ஒருவர்தான் இருந்தார்.

பிறகு அக்காவிடம்: "இந்தக் காரணங்களைச் சொன்னது நீங்களா?"

அக்கா தரையைப் பார்த்தபடி நின்றா.

"நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா."

"கையொப்பம்?"

"பிள்ளை வைக்கச் சொன்னது, வைச்சன். என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியாது."

"அக்கா," என்றேன். ஒரு தடவைதான். அவ திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். அதுவரை என்னைச் சாட்சி போலப் பார்த்தவர். அந்தப் பார்வை மாறியதை நான் கண்டேன்.

பெப்ரவரி 19, புதன்

கருக்கலில் அக்கா பின்வேலியால் வந்தா. உள்ளே வரமாட்டேன் என்று கிணற்றடியில் நின்றா.

"கோவிக்காதை தனு. மகள் திருநெல்வேலியிலை வகுப்பு முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கேக்கை, ரெண்டு பேர் பக்கத்திலை வந்து நிண்டவங்களாம். மூண்டு நாள். ஒண்டும் கதைக்கேல்லையாம். மூண்டாம் நாள் ஒருத்தன், 'அம்மா சுகமோ' எண்டு கேட்டவனாம்."

கையில் இருந்த வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

"எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான்."

ஓம் அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குக் கோபம் இருந்தது. அதை அவவின்மேல் போட இடம் இல்லாமல் இருந்தது. வேலிக்கு அங்கால் போனபிறகுதான் அழுகை வந்தது. அவவுக்காகவா எனக்காகவா? தெரியேல்லை. ஒண்டும் தெரியேல்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

கோவிலடியில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. திருநீறு தந்த ஐயர்கூட.

மார்ச் 2, ஞாயிறு

பொதுக்கூட்டம். யாரும் சொல்லாததை எழுதிச் சங்கத்துக்கு அவப்பெயர் தேடியதற்காகச் செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்கினார்கள். அதிகாரியின் கடிதத்தை மாமா வாசித்தார்: அந்தக் காரணங்கள் கூட்டத்தில் சொல்லப்பட்டதற்குச் சாட்சி இல்லை. பதினேழு பேர் இருந்த கூட்டம். பதினேழு பேரும் இன்றும் இருந்தார்கள்.

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே அண்ணையின் சைக்கிள் நின்றது. அவர் என்னோடு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மிஸ் அத்தியாயத்தை வாசித்துவிட்டுச் சொன்னா: "காரணங்களை நீக்கின பகுதி நல்லா வந்திருக்கு. ஆனால் எழுத்தரைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறீர். அதுக்கு ஆதாரம் இல்லையே?"

இல்லை மிஸ் என்றேன். நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

வரும் வழியில் கரையைப் பார்த்தேன். தரையைச் சுற்றிச் சீமெந்துத் தூண்கள் நட்டாயிற்று. இருபத்திரண்டு பெண்களும் வீதியோரம் சாக்கு விரித்துக் கருவாடு போடுகிறார்கள். பஸ் போகிறபோதெல்லாம் புழுதி.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணைக்குப் புது வலை வந்து பத்து நாள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று காலை குளித்து வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கையில் சங்கத்தின் குறிப்புப் புத்தகம், புதியது. போன கிழமை அவரைச் செயலாளராக்கியிருக்கிறார்கள். பின்னேரம்தான் கூட்டம். ஆனால் குறிப்பு ஏற்கெனவே எழுதியிருந்தது. வந்தவர்கள், தீர்மானம், எல்லாம். கரையின் மேற்குப் பக்கமும் கொம்பனிக்கு.

எதிரில் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"தங்கச்சி, ஏகமனதாக எண்டுறது ஒரு சொல்லோ, ரெண்டு சொல்லோ?"

"ஒரு சொல் அண்ணை."

இடம் விட்டு எழுதியிருந்ததை வெட்டி, சேர்த்து எழுதினார்.