அன்னப்படகின் கழுத்து வெட்டப்பட்ட வரலாறு

நீரும் நெல்லும் பெருகுக. முப்பாட்டனார் வெட்டுவித்த பெருங்கால்வாயின் காவலன், நெடுங்கழி நாட்டுக் கோமான் பரிதிவளவன், குன்றூர் நாட்டை ஆளும் நம் சம்பந்தி மாறங்கோவருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளும் சுனைகளும், தாங்கள் அண்மையில் நம் எல்லையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் யானைகளும் நலமுடன் விளங்குக.

தங்கள் திருமகள் வேண்மாளை நம் மகன் செந்நனுக்கு மணமுடித்த நாளில் தாங்கள் சீர்வரிசையாக அளித்த அன்னப்படகின் பொற்கழுத்து வெட்டுண்டது கேட்டு, அது தங்கள் கழுத்தையே வெட்டியதற்கு ஒக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நடந்ததை உள்ளபடி தெரிவிக்கிறோம்.

மலைநாட்டுத் தச்சர் கால்வாயைக் கண்டதில்லை. ஆகவே படகைக் கடலுக்கு உரிய பெருமையோடு சமைத்துவிட்டனர். மணமக்கள் அதில் குழலும் யாழும் இசைக்க உல்லாசமாக உலாப் போந்த அன்று, கல்பாலத்தின் அடியில் அன்னத்தின் தலை மாட்டிக்கொண்டது. படகு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மதகைத் திறந்து நீரைக் குறைக்கும்வரை காத்திருப்போம் என்று சொல்லி, நம் மகன் இன்னொரு பாட்டுப் பாடப் பணித்தான்.

அவ்வேளை பின்னே வந்த உப்போடத்தில், பொதியன் என்பவன் பேறுகால வலி கண்ட தன் மனைவி சாத்தியை மருத்துவச்சியின் ஊருக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தான். அவன் கூவியதை இவ்வோலை எழுதும் நம் எழுத்தன் செந்தமிழாக்க முயன்றான், நாம் தடுத்தோம். "சாமி, ஒங்க அன்னம் நாளைக்கும் நிக்கும். எம் பொஞ்சாதி தாங்கமாட்டா. வழி விடுங்க!" என்பதே அவன் சொல்.

படகோட்டிகள் கோடரியை எடுத்தனர். தங்கள் பெயர் பொறித்த கழுத்தைத் தொட அஞ்சி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றினர். நம் மகன் கைக்கும் அது வந்தது. அவன் தங்களை நினைத்தான். அடுத்து நின்றவரிடம் நீட்டினான். அடுத்து நின்றவள் தங்கள் திருமகள்.

"எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று வேண்மாள் சேலையை வரிந்துகட்டி, கழுத்து நீரில் விழும்வரை வெட்டினாள். உப்பு மூட்டைகளுக்கிடையே படுக்க இடமின்றித் தவித்த சாத்தியை அன்னப்படகில் ஏற்றிக்கொண்டு விரைந்து செலுத்தச் செய்தாள். ஆயினும் மருத்துவச்சியின் ஊர் வருமுன்னரே, தங்கள் சீர்ப் பட்டுமெத்தையில், தங்கள் மகளின் கையைப் பற்றியபடியே சாத்தி பெண்மகவு ஈன்றாள். தாயும் சேயும் நலம். மெத்தை நலமன்று.

அரண்மனை திரும்பிய வேண்மாள் வாயிற்படியிலேயே அமர்ந்து அழக் கண்டோம். தங்களுக்கு அஞ்சி என எண்ணற்க. சாத்தி பிழைப்பாளோ என்று அடக்கிவைத்திருந்த அச்சம் அப்போதுதான் வெளிப்பட்டது.

ஆதலால் நம் ஆணை யாதெனில்: அன்னப்படகு இனிக் கழுத்தின்றியே கால்வாயில் உலாவுக. பின்னே ஓடம் வரக்கண்டால் பாட்டு நிற்க, படகு ஒதுங்குக.

குற்றவாளியைக் கட்டி அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள். அவ்வாறே அனுப்பச் சித்தமாயிருக்கிறோம். ஆயின் அவளைக் கட்டத் துணிந்த வீரன் நம் படையில் இல்லை. தங்கள் படையில் உளனாயின் அனுப்பிவைக்க. அவனுக்கு விருந்தும், பின்னர் மருந்தும் நம் பொறுப்பு.

இதற்கு நம் நாணல் இலச்சினை சான்று.