கார் தண்ணீருக்காகத் திரும்பவில்லை

அனுப்புநர்
ஷே. மூஸா (வயது 47),
த/பெ ஷேக் தாவூது,
கார் டிரைவர்,
பள்ளிவாசல் தெரு,
கூத்தாநல்லூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: 15.8.1972 தாழைவாசல் சுதந்திர வெள்ளி விழா ஊர்வலம் – கார் பாதை மாறியது – நான் கையெழுத்திட்ட வாக்குமூலம் பொய் என்பதால் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கூத்தாநல்லூர் வியாபாரி ஜனாப் ஹபீப் முகம்மது அவர்களிடம் நான் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அவரிடம் 1937ஆம் வருடத்து ஆஸ்டின் கார் ஒன்று உள்ளது. ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். மேல்மூடியை மடித்துவிட்டால் உள்ளே இருப்பவர் எல்லோருக்கும் தெரிவார். அதனால் கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் கேட்டு வருவார்கள். அதை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டுவதில்லை.

2. தாழைவாசல் விழாக் கமிட்டியார் இவ்வருடம் இந்தக் காரைக் கேட்டார்கள். 1942 சுதந்திரப் போராட்டத்தில் ஆறு மாதம் சிறையிருந்த திரு. காயாரோகணம் (வயது 71) அன்று காலை தியாகிகளுக்கான செப்புப் பட்டயம் பெற்றார். அவரைக் காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிவர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் விவசாயக் கூலி. கீழக் காலனியில் குடியிருப்பவர்.

3. ஊர்வலப் பாதையைக் கமிட்டித் தலைவர் மிராசுதார் திரு. பஞ்சநதம் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். நான்கு வீதிகளும் அதில் இருந்தன. கடைசியாக வாய்க்கால் பாலத்தில் இடப்பக்கம் திரும்பி யூனியன் ஆபீசில் முடிக்க வேண்டும். கீழக் காலனி அந்தப் பாலத்துக்கு வலப்பக்கம் ஒரு பர்லாங்கில் இருக்கிறது. அது காகிதத்தில் இல்லை. நடவுக் கூலித் தகராறில் காலனி ஆட்கள் பத்து நாளாக வயலில் இறங்காத சமயம் என்பதால் அங்கே போக வேண்டாம் என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல நான் இம்மனுவை எழுதவில்லை. தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, திரு. காயாரோகணத்துக்குத் தன் கையால் மாலை போட்டவர் அவர்தான்.

4. காரில் இருந்த பெரியவர் திரு. காயாரோகணம் நான்காம் வீதியில் முன்பக்கம் குனிந்து, “பாய், வண்டி நம்ம தெருவுக்கு வருமா?” என்று கேட்டார். “உத்தரவு இல்லீங்க ஐயா” என்றேன். “சரி பாய்” என்றார். கொஞ்சம் கழித்து, “அதுக்குக் கால் வெளங்காது. பாயை விட்டு எழுந்திரிச்சு நாலு மாசம் ஆச்சு. வாசல்ல கொண்டாந்து உக்கார வைக்கச் சொல்லிட்டு வந்தேன்” என்றார். தன் மனைவி தனபாக்கியத்தைச் சொன்னார். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

5. பாலத்தில் முன்னால் சென்ற கொடிகளும் மாட்டுவண்டிகளும் இடப்பக்கம் திரும்பின. நான் வலப்பக்கம் திருப்பினேன். என்னை யாரும் தூண்டவில்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பின்னால் வந்த நாயனக்காரர்கள் கார் போகும் வழிதான் வழி என்று நினைத்து வாசித்துக்கொண்டே கூட வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

6. காலனியில் நடந்தது இவ்வளவே. தனபாக்கியம் அம்மாள் வாசலில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பெரியவர் இறங்காமல் பட்டயத்தைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்க்காமல் காரையே பார்த்தார். “வா, ஏறு” என்றார் பெரியவர். “இந்தக் கோலத்துலயா?” என்று அந்த அம்மாள் கேட்டார். இரண்டு பெண்கள் தூக்கி அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தெருக்கோடி வரை ஓட்டி, திருப்பிக்கொண்டு வந்து இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கோஷம் இல்லை, கல் விழவில்லை, கூலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

7. தெருமுனையில் காவலர் நிறுத்தினார்கள். கலகம் உண்டாக்கக் காரைக் காலனிக்குள் விட்டதாகக் கமிட்டியார் எழுதிக் கொடுத்ததன் பேரில் என் லைசென்ஸ் வாங்கிவைக்கப்பட்டது. மாலைவரை காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஹலீமா வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். “ரேடியேட்டர் கொதிச்சுது, தண்ணி புடிக்கத் திரும்பினேன்னு எழுதிடறேன். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க பாய்” என்றார். என் முதலாளியும் வந்து, “மூஸா, ஒரு வரிதானே” என்றார். நான் வாசித்துப் பார்த்தே கையெழுத்திட்டேன். 19ஆம் தேதி லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

8. அந்த ஒரு வரி பொய். பழைய கார் மனிதர் நடக்கும் வேகத்தில் ஓடினால் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இரண்டு டின் தண்ணீர் காரிலேயே வைத்திருந்தேன். ஒன்றை ஊர்க் கோவில் வாசலில் ரேடியேட்டரில் ஊற்றினேன். மற்றது மூடி திறக்காமல் இருந்தது. என்னைப் பிடித்த காவலர் ஒருவர் அதைத் திறந்துதான் முகம் கழுவினார். அவரை விசாரிக்கலாம்.

9. 25ஆம் தேதி நடந்த கூலிப் பேச்சுவார்த்தையில் கார் வந்த பேச்சு எழ, இந்த வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. கார் காலனிக்கு மரியாதை செய்ய வரவில்லை, தண்ணீருக்கு வந்தது என்று சொல்லிச் சிலர் சிரித்திருக்கிறார்கள். இம்மாதம் 2ஆம் தேதி கூத்தாநல்லூர் சந்தையில் திரு. காயாரோகணத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “தண்ணிக்குத்தான் வந்துச்சாமே பாய். இருக்கட்டும். எப்படியோ வந்துச்சுல்ல” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

10. இம்மனுவைப் பற்றி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். லைசென்ஸ் போனால் வேலை போகும் என்றார். நான் கிளம்பும்போது, தஞ்சாவூர் போய்வர பஸ் நேரத்தையும் சொன்னார். ஹலீமா லைசென்சைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே, மேற்படி வாக்குமூலத்தை ரத்து செய்து, உத்தரவை மீறி நானாகவே, தெரிந்தே காரைக் கீழக் காலனிக்கு ஓட்டினேன் என்று பதிவு செய்ய வேண்டுகிறேன். அதற்குரிய தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். லைசென்சை இத்துடன் இணைத்துள்ளேன். வரும் குடியரசு தின ஊர்வலத்தில் காரை யார் ஓட்டினாலும், பாதையில் கீழக் காலனியையும் சேர்க்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருத்திய பதிவின் நகல் ஒன்றைத் திரு. காயாரோகணம், கீழக் காலனி, தாழைவாசல் என்ற விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு எழுத்து தெரியாது. கொண்டுபோகிற சிப்பந்தி, தனபாக்கியம் அம்மாளின் காதிலும் விழும்படி, அதை வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்ட உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: கூத்தாநல்லூர்
நாள்: 4.9.1972

தங்கள் விசாரணைக்கு எந்நேரமும் ஆஜராகக் கூடிய,
ஷே. மூஸா
(கையொப்பம்)

இணைப்பு: டிரைவிங் லைசென்ஸ் – 1