ஸ்டோர்ஃபெல் சரிவும் விட்டுப்போன ஒரு வரியும்

ஜனவரி 12, திங்கள்

புது நிரல் மறுபடியும் பாதியில் விழுந்துவிட்டது. பிழை என்று ஒற்றை வரி. எந்த இடத்தில் என்று சொல்லாது.

மலைச்சரிவுகளில் பனியின் நிலையைக் கணக்கிடும் பழைய பைத்தான் மொழி நிரல் அரை நாள் எடுத்தது. அதற்குள் மலை மனதை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் கனமான பகுதியை சி மொழியில் எழுதினேன்; அதில் 'பனியடுக்கு' என்று ஒவ்வொரு சரிவின் அளவுகளையும் வைத்திருக்கும் ஒரு கிளாஸை, அதாவது ஒரு பொருள் வகையை, சொந்தமாகச் செய்து பைத்தானோடு இணைத்தேன். இப்போது சில நிமிடங்களில் முடிகிறது. முடிந்தால்.

மேலதிகாரி சோல்வி உள்ளேகூட வரவில்லை, கதவிலேயே நின்று சொன்னாள்: "வியாழக்கிழமை புயல் வருது ரன்வெய்க். அதுக்குள்ள இது நிக்கலைன்னா பழசையே ஓட்டிக்கலாம்."

பழசை ஓட்டினால் பனிச்சரிவு எச்சரிக்கை தாமதமாகத்தான் போகும். ஸ்டோர்ஃபெல் மலையடி ரோட்டில் பனி வாரும் வண்டி ஓட்டுவது என் கணவன் ஹோவார்ட். அது அவளுக்கும் தெரியும்.

ஜனவரி 13

என்ன கூத்து இது! கிளாஸ் தரும் வெப்ப அளவுகளை ஒரு பட்டியலில் சேர்த்துவைத்துப் பார்க்க ஒரு வரி எழுதினேன் — நிரல் விழவே இல்லை. வரியை எடுத்தேன், விழுந்தது. நான் பார்த்தால் மட்டும் ஒழுங்காக இருக்குமா?

எதிர் மேசை தூர்கெயிருக்கு ஒரே சிரிப்பு. "ஓடுதுல்ல? அந்த வரி அப்படியே கிடக்கட்டும் விடு. யாரு வந்து பாக்கப் போறா?"

எரிச்சலாக வந்தது. ஆனால் வரியை எடுக்கவில்லை.

ஜனவரி 14

ஓடுகிறது. சோல்வி ரோட்டுத் துறைக்கும் சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏன் ஓடுகிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 15, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலையில் எல்லாச் சரிவும் பச்சை, ஆபத்தில்லை என்றது நிரல். புயலுக்காக இறக்கியிருந்த தடுப்பைத் தூக்கி ரோட்டைத் திறந்தார்கள். காபியோடு அளவுகளைப் பார்த்தேன் — ஸ்டோர்ஃபெல்லுக்கும் லில்லெஃபெல்லுக்கும் ஒரே எண்கள், புள்ளிக்குப் பின்னாலும் அதேதான். லில்லெஃபெல் மலை ஃபியோர்டு எனும் கடற்கழிக்கு அக்கரையில் இருக்கிறது. எப்படி ஒன்றாகும்?

நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். யாருமில்லை என்றால் நினைவகத்தில் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். சி-யில் எழுதும்போது அந்த எண்ணிக்கையை நாம்தான் கூட்ட வேண்டும். என் கிளாஸ் நிரலில் கேட்ட பகுதிக்கெல்லாம் அளவுகளைக் கொடுத்தது, நான் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. கேட்ட ஒவ்வொன்றும் விடும்போது கணக்கு ஒன்று குறைந்து கடைசியில் பூஜ்யம். ஸ்டோர்ஃபெல் இன்னும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் லில்லெஃபெல் குடிவந்துவிட்டது. நான் சேர்த்த பட்டியல் கூடுதலாக ஒரு கை பிடித்ததால் பூஜ்யமாவது தள்ளிப்போய் விழாமல் நின்றது, அவ்வளவுதான். விழுந்திருந்தால்கூடத் தேவலை. நின்றுகொண்டே பொய் சொன்னது!

ஹோவார்டைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்க?"

"தடுப்பைத் தாண்டி உள்ள வந்துட்டேன். ஏன்?"

"திரும்பி வா. இப்பவே."

"பச்சைன்னு உங்க ஆபீஸ்தானே சொல்லுச்சு?"

"அது அக்கரை மலையோட கணக்கு. தப்பு என்னோடது. கேள்வி கேக்காத, வண்டியத் திருப்பு!"

சோல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டாமல் ரோட்டுத் துறைக்கு போன் போட்டு ரோட்டை மூடச் சொன்னாள். எண்ணிக்கையைக் கூட்டும் அந்த விட்டுப்போன வரியை எழுதி மறுபடி ஓட்டினேன். ஸ்டோர்ஃபெல் சிவப்பு. "தடுப்புக்கு வெளிய வந்துட்டேன்" என்று ஹோவார்ட் போனில் சொல்லும்வரை நான் உட்காரவில்லை.

ஜனவரி 16

ரோடு மூடியிருக்கிறது. மலை சும்மா இருக்கிறது. "வீணா மூடிட்டமோ?" என்றான் தூர்கெயிர். ஊர்க் கடையில் நின்றவர்களும் அதையேதான் முணுமுணுத்தார்கள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று மதியம் ஸ்டோர்ஃபெல்லின் பனி ரோட்டின்மேல் சரிந்தது. இன்று முழுக்க ஹோவார்ட் அதைத்தான் வாரினான். பிர்ச் மரங்கள் வேரோடு பனியில் கலந்து கிடந்தனவாம். வியாழக்கிழமை அவன் வண்டி திருப்பிய இடம் எங்கே என்று தேடிப் பார்த்தானாம், எல்லாம் பனிக்கடியில், தெரியவில்லையாம்.

ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்துக்கொண்டு, கடிக்காமல், "அந்த வரி எது? காட்டு" என்றான். கணினியைத் திறந்து காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ரொட்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். திரை அணைந்த பிறகும் விடவில்லை.