தூரம் ஒரு தடை இல்லை

அன்புள்ள மகள் லோஜினிக்கு, அம்மா பூரணி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை எழுதப்போவதில்லை. நலம், நலம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தம்பி துஷாந்த் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், கூரைத் தகரம் காற்றில் பிய்ந்து சாக்குப் போட்டு மூடியிருக்கிறோம், அதெல்லாம் பழைய கதை. இது உன் ஆராய்ச்சியைப் பற்றிய கடிதம்.

போன வருடம் நீ மெல்பேர்னில் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு, நம் தோட்டத்துக் கர்ப்பிணிகளிடம் கேள்வி கேட்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பினாய். நல்ல பிள்ளைகள், பணிவாகத்தான் பேசினார்கள். ஆனால் எங்கே உட்கார வைத்துக் கேட்டார்கள் தெரியுமா? பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற புள்ளைக்காம்பராவில், எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஜீவராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க. லீவு தருகிறார்களா என்றார்கள், தருகிறார்கள் என்றோம். கிளினிக்குக்கு வாகனம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள், நடந்தே போவோம், பழக்கம்தானே என்று சிரித்தோம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வோம்? மறுநாள் அவனிடம்தான் வேலைக்குப் போகவேண்டும். இது வேறு ஊர்ப் பிள்ளைக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது? அதே புள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள் நீ. கண்டாக்கு வந்தால் தொட்டில் ஆட்டுகிற ஆயாகூடப் பேச்சை நிறுத்துவதைப் பார்த்தவள். கேள்வியெல்லாம் யோசித்து எழுதிய நீ, யார் முன்னால் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு உன் கட்டுரை வந்தது. நாங்கள் படிக்கவில்லை, பெரட்டில் கேட்டோம். காலையில் வேலை பிரிக்கும் நேரத்தில் தோட்டத்துத் துரை அதை அச்செடுத்துக்கொண்டு வந்து நின்றார், ஜீவராஜ் தமிழில் சொன்னான். "நம்ம லயத்துப் புள்ளையே எழுதியிருக்கு, வெள்ளக்காரன் பத்திரிகையில வந்திருக்கு. கிளினிக் போக தூரம் ஒரு தடை இல்லையாம். ஒங்களுக்கு விழிப்புணர்வுதான் இல்லையாம். அப்ப எதுக்கு லொறி?" கிளினிக் நாளில் கொழுந்து இறக்கிவிட்டு நம் பெண்களை ஏற்றிப்போன லொறி அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாகப் புள்ளைக்காம்பரா சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள், வெள்ளையாக ஒரு தாய், கொழுகொழுவென்று ஒரு குழந்தை. எந்தப் பெண்ணும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை லோஜி, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமியை உனக்குத் தெரியும், உனக்குப் பரீட்சைக்குத் தலைவாரிவிட்டவள். கல்யாணமாகி இவ்வளவு காலம் கழித்துத்தான் அவளுக்கு உண்டானது. லொறி நின்ற பிறகு இரண்டு கிளினிக்கை விட்டுவிட்டாள், இறங்கிவிடலாம், வயிற்றைத் தூக்கிக்கொண்டு திரும்ப மலையேற முடியாது என்றாள். எட்டாம் மாதம் கால் வீங்கி, தலைவலி தாங்காமல் மழையில் நடந்து போனவள் பாலத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கம்பளியில் போட்டு நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் லொறி சும்மா நின்றது, சாரதி கீழே இறங்கி நின்று எங்களைப் பார்த்தான், துரை உத்தரவில்லாமல் எடுக்கமாட்டானாம். ஆஸ்பத்திரி சேரும்போது அவளுக்கு உயிர் இருந்தது, பிள்ளைக்கு இல்லை. ஆண் பிள்ளை. வீடு திரும்பிய பிறகு ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டாள், "அக்கா, ஒங்க மகளுக்குப் பட்டம் குடுத்தாச்சா?" அன்றைக்கு முடிவு செய்தேன்.

தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், உன் ஆராய்ச்சியைக் காட்டி நம் தாய்மாருக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தது. வரவேற்றுப் பேச ஜீவராஜ் என்னைத்தான் கேட்டான், எழுதியவளின் அம்மா அல்லவா. உடனே சரி என்றேன். நானும் துரை பக்கம் போய்விட்டேன் என்று அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் என் நிரைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்றார்கள். கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குப் பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டே போய் மைக்கைப் பிடித்தேன். நாகலெட்சுமியைக் கைகாட்டி, "இவ புள்ள வழியிலேயே செத்துச்சு. லொறி அந்தா, அங்கதான் நின்னுச்சு" என்றேன். மொழிபெயர்க்க வந்தது ஷப்னா என்று ஒரு ஹட்டன் கடைக்காரர் மகள். ஜீவராஜ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான், அந்தப் பிள்ளை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவள் நன்றாக இருக்கவேண்டும்.

ஜீவராஜ் மைக்கைப் பறித்தான். "அப்ப ஒங்க மக எழுதுனது? மக பொய் சொல்லுதா, அம்மா பொய் சொல்லுதா?" பெற்றவள் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நம்பித்தான் கேட்டான். "எம் மக எழுதுனது பொய்" என்றேன். வந்தவர்களில் ஒரு பெண் உன் பெயரைக் கேட்டாள். செல்லசாமி லோஜினி என்று முழுப் பெயரையும் நானே சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். துரையின் முகம் செத்துப்போனது. சமைத்து வைத்த சோற்றை யாரும் தொடவில்லை. அந்த முகத்தை நினைத்து நினைத்து நான் இப்போது வயிறாரச் சாப்பிடுகிறேன். லொறி இன்னும் வரவில்லை. அப்பாவை மேல் மலைக்கு மாற்றிவிட்டார்கள், முழங்காலோடு ஏறுகிறார், ஆனால் என்னோடு பேசுகிறார். ஜீவராஜ் கடந்து போகும்போது நான் தலை குனிவதில்லை.

உன் பெயரை எழுதிக்கொண்ட அந்த வெளிநாட்டுப் பெண் உன் பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன் நீ எழுது. யார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், அதனால் நாங்கள் என்ன சொன்னோம், பிறகு யார் பிள்ளை செத்தது, எல்லாவற்றையும் அதே பத்திரிகையில், அதே பெயரில் எழுது. பட்டம் போகும் என்றால் போகட்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, அது எனக்குத் தேவையில்லை. இந்தத் தோட்டத்தை எந்தத் தாளைக் காட்டி ஏமாற்றினார்களோ அதே தாளால் அவர்களை அடிக்கவேண்டும். அடிக்கக் கூடியவள் நீ ஒருத்திதான்.

அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு போ, பட்டினி கிடக்காதே. மாரியம்மா உன்னைக் காக்கட்டும், உன் கைக்குத் தைரியம் கொடுக்கட்டும். உடம்பு எப்படி, மனது எப்படி என்று பதில் போடு. நலம் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன்னைப் பொய் சொன்னவள் என்று ஊரறியச் சொன்ன,
உன் அம்மா
செ. பூரணி
அக்கரப்பத்தனை