சீனி போடாத தேத்தண்ணி

திருகோணமலை

அன்புள்ள தயா,

நீரும் பிள்ளையும் சுகம்தானே? மாமிக்கு இருமல் நின்றுவிட்டதா? நான் நல்ல சுகம். இதைப் போனில் சொன்னால் இடையில் மறித்து ஏசுவீர், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன். மூன்று கரண்டி போட்ட மனிதன், தயா. துறைமுகத்தில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சீனி கொஞ்சம் விளிம்பில் நிற்கிறதாம், வேறொன்றுமில்லை.

கன்ரீனில் சீனி வேண்டாம் என்றதும் கமலேஸ்வரி அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ தம்பி, சீனி வருத்தமோ? இந்த வயசிலயோ?"

"இல்லையக்கா, குறைச்சுப் பாக்கிறன்."

யார் நம்பியது? மத்தியானத்துக்குள் எனக்குச் சீனி வருத்தம் என்று எல்லா இடமும் கதை. என்னோடு வேலை செய்யும் நிலாவெளி சோமசேகரம் அண்ணர் ஒரு பை பாவற்காயோடு வந்தார். அக்கா சீனி வருத்தத்துக்கு நல்லதென்று தினமும் என் சோற்றில் குறிஞ்சா இலை வறை வைக்கிறார். கசப்பிலேயே மிதக்கிறேன்.

ஆனால் புதினம் கேளும், தேயிலைக்கு ஒரு வாசம் இருக்கிறது. இவ்வளவு காலமும் சீனித்தண்ணிதான் குடித்திருக்கிறேன். கிரேன் ஏணியில் ஏறும்போது இப்போது மூச்சும் வாங்குவதில்லை.

இனிப்பு வேண்டாம், பயத்தம் பணியாரம் அனுப்பாதேயும். நீர் இடித்த மிளகாய்த்தூள் அனுப்பும். பிள்ளையின் புதுப் படமும் ஒன்று.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஆசைக்கு ஒரு நுள்ளுச் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கலாம் என்று டொக்டர் சொன்னவர். நான் இங்கே அதையும் தொடவில்லை. பொங்கலுக்கு வருவேன், உம்முடைய உள்ளங்கையில் வையும்.

உமது,
மதிவதனன்