இலையை விட்டு எழுந்தவர்கள்

மதுரை, வடக்கு மாசி வீதி,
சுபானு வருஷம் தை மாதம் 26ஆம் தேதி

சௌபாக்கியவதி ஸ்யாமளாவுக்குப் பஞ்சாபகேசன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் குழந்தைகளும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு க்ஷேமம் என்று பெயர் வைக்கலாமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள்.

நீ கல்லிடைக்குறிச்சிக்குப் போய் இருபது நாள் ஆகிறது. இரண்டு கடிதம் போட்டேன், ஒரு கார்டு கூட வரவில்லை. முன்பு இரண்டு பிரசவத்துக்கும் ஒன்பதாம் மாதம்தான் பிறந்தகம் போனாய். இந்தத் தடவை ஏழாம் மாதமே உன் அம்மா பொங்கல் சீரோடு வந்தார், ஒரு வாரம் இருந்தார், கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். எப்போது திரும்பி வருவாய் என்று ரயிலடியில் கேட்டேன். ஜானுவின் பின்னலைச் சரிசெய்துகொண்டே இருந்தாய்.

சமையலுக்கு ஆள் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் ரேஷன் அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, இதைச் சமைத்தால் தன் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லிப் போய்விட்டார். ஆகவே காலையில் குளித்து, ஈர வேஷ்டியோடு நானே அடுப்பு மூட்டுகிறேன். பிறகு பள்ளிக்கூடம் போய் நாலாம் பாரத்துப் பையன்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கிறேன். அது சுலபமாக இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மா கொடுத்த ஈயச்சொம்பு போய்விட்டது. அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனேன். தண்ணீர் விட்டோமா என்ற சந்தேகம் வந்து திரும்பி ஓடிவருவதற்குள் அது உருகி நெருப்பில் ஒழுகிவிட்டது. ஈயம் இப்படிச் செய்யும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா.

இப்போது குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதுகளை நீ இடம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாய். ஜானுவுக்கு அவரைக்காய் ஆகாது, புடலங்காய் நாற்றம், வெண்டைக்காய் வழவழப்பு. கோச்சடையிலிருந்து வருகிற பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கி வதக்கினால், விதை தெரிகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைக்கிறாள். பத்து வயதுப் பெண்ணுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? சுப்பிணி அதற்கு மேல். கடுகு கண்ணில் படக்கூடாது. சாதம் குழையவும் கூடாது, விறைக்கவும் கூடாது. பாலில் ஏடு இருந்தால் தொடமாட்டான். ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை தந்தார்கள். அதை உடைத்துக் கஞ்சி வைத்தேன். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, ஏதோ நான் விஷம் வைத்துவிட்ட மாதிரி.

ஊரில் மனிதர்கள் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. நீ என்ன மாயம் பண்ணி இதுகளைச் சாப்பிட வைத்தாய் என்பதை உடனே விவரமாக எழுது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நீ போவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனதை உன் அம்மா பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டாரோ என்று தோன்றுகிறது. அவர் வைத்த ரசம் கொதித்துப்போயிருந்தது. ரசம் நுரை கட்டியதும் இறக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். பரிசேஷணம் செய்து, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு உட்கார்ந்தவன், மனசுக்குப் பிடிக்காமல் எழுந்துவிட்டால் அந்த வேளை மறுபடி உட்காரக் கூடாது என்பது எங்கள் அகத்து வழக்கம். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். வாரத்தில் இரண்டு தடவையாவது நான் எழுந்துபோகிறவன். நீயே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

ஆசீர்வாதங்களுடன்,
பஞ்சாபகேசன்



மதுரை,
மாசி மாதம் 10ஆம் தேதி

சௌபாக்கியவதி ஸ்யாமளாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் வரவில்லை. உன் அப்பாவின் கார்டு வந்தது. நாலே வரி எழுதியிருக்கிறார். நீ மிகவும் பலஹீனமாக இருப்பதாகவும், உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொன்னதாகவும், பிரசவத்துக்குப் பிறகு உன்னை மதுரைக்கு அனுப்புவதா என்பதை அப்போது யோசித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார். எப்போது அனுப்புவது என்று அல்ல, அனுப்புவதா என்று. அந்தக் கார்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் மத்தியான இடைவேளையில் மறுபடி படித்தேன். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

நான் என்ன உன்னை அடித்தேனா, வைதேனா? எனக்குக் கோபம் வருகிறது, ஸ்யாமளா. கோபித்துக்கொள்ள இங்கே ஆளில்லை என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

அது கிடக்கட்டும். சுப்பிணி என்னைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாதம் போட்டு, பருப்பு விட்டு, ரசமும் ஊற்றினேன். இந்தப் பூணூல் போடாத பயல், ஆறு வயசு, வலது கையில் தண்ணீர் எடுத்து இலையைச் சுற்றி விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாய் ரசத்தைக் குடித்தான், முகத்தைச் சுளித்தான், இலையைப் புறங்கையால் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"இதை நாய்க்குப் போடு" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தேன். பரிசேஷணம் பண்ணியாச்சு, எழுந்துண்டாச்சு, இனிமே இந்த வேளை உட்காரப்படாது என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். ஜானு கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து இது நடக்கிறது. வேளைக்கு வேளை உட்காருகிறான், தண்ணீர் சுற்றுகிறான், ஒரு வாய் வைக்கிறான், குற்றம் கண்டுபிடிக்கிறான், எழுந்துவிடுகிறான். மிரட்டிப் பார்த்தேன். சிம்மக்கல்லில் பக்கோடா வாங்கிவந்து காட்டினேன். எழுந்தவன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அதையும் தொடவில்லை. வழக்கம் என்றால் வழக்கம் என்று நிற்கிறான். நான் நிலைநாட்டிய வழக்கத்தைத் தப்பு என்று நானே எப்படிச் சொல்வது? காலையில் ஏடு எடுத்த பால் ஒன்றுதான் உள்ளே போகிறது, நாலு நாளில் பையனின் கன்னம் ஒட்டிவிட்டது. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனையின்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம். அவன் வாத்தியார் என் வகுப்புக்கே வந்து, வீட்டில் என்ன சார் விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தனை பையன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனையூரிலிருந்து பால் கொண்டுவருகிற தங்கப்பொண்ணு பையனைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை எம்புட்டு வாடிப்போச்சு சாமி. எங்க வீட்டுல உக்காந்தா சட்டியை வழிச்சுட்டுத்தான் எந்திரிப்போம். பாதியில எந்திரிக்க இங்க யாரு பழக்குனது?" என்று கேட்டாள். பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போ என்று சொன்னேன். அவள் போன பிறகு வெகு நேரம் பால் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றிருந்தேன்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ கோபமாக இருந்தால் இரு. பையனை எப்படிச் சாப்பிட வைப்பது என்று மட்டும் எழுதிவிடு.

ஆசீர்வாதம்.
பஞ்சாபகேசன்



மதுரை,
மாசி மாதம் 16ஆம் தேதி, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி ஸ்யாமளாவுக்கு,

முதலில் பயப்படாதே. சுப்பிணி சாப்பிட்டான். எல்லாவற்றையும் முறையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலமும் அவன் எழுந்துவிட்டான். எனக்கும் அலுத்துவிட்டது. நானும் எழுந்து, அவன் இலையையும் என் இலையையும் எடுத்து எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஜானு தன் இலையில் சாதத்தை வைத்துக்கொண்டு பிசையாமல் இருந்தாள். நீ சாப்பிடேன், உனக்கு என்ன வந்தது என்று கத்தினேன். எனக்கும் வேண்டாம் என்றாள். ஏன் என்றேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க எழுந்துண்டா அம்மா சாப்பிட மாட்டா அப்பா. அன்னிக்கு அம்மாவுக்கு மோர் மட்டுந்தான். நான் சின்னவளா இருக்கச்சே அதுவும் ஏதோ விரதம்னு நினைச்சுண்டிருந்தேன்."

ஸ்யாமளா, கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு முடித்த இலையில்தான் நீ உட்காருவாய். அது எனக்குத் தெரியும். நான் எழுந்துபோன நாட்களில் நீ எந்த இலையில் உட்கார்ந்தாய் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வேறு இலை போட்டுக்கொண்டு சாப்பிட்டிருப்பாய் என்றுகூட நினைக்கவில்லை. அதைப் பற்றி எந்த நினைப்பும் இல்லாமல் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, காற்று வாங்க வைகைக் கரைக்குப் போயிருக்கிறேன். வழியில் கிளப்பில் இட்லியும் காப்பியும் சாப்பிட்டிருக்கிறேன். அகத்தில்தானே அந்த வேளை உட்காரக் கூடாது. இதை நீ இதுவரை அறியமாட்டாய். அறிந்துகொள்.

பொங்கலுக்கு உன் அம்மா வந்திருந்தபோதும் அதே கதைதான் என்று ஜானு சொன்னாள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி நீ, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாயாம். உன் அம்மா சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தாராம். நீ வேண்டாம் என்றாயாம். அவர் புறக்கடையில் நின்று அழுதாராம். அவர் ரசம் பிடிக்காமல் நான் எழுந்துபோனதற்காகக் கோபித்துக்கொண்டார் என்று உனக்கு எழுதியிருந்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் பதினொரு வருஷம் என்றால் எத்தனை வேளை என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. கணக்கு வாத்தியார் நான், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். முடிக்கத் தைரியம் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று இலை போட்டேன். ரசம் எப்போதும்போலக் கொதித்துத்தான் போயிற்று, எனக்கு அந்த நுரை இன்னும் பிடிபடவில்லை. சுப்பிணி தண்ணீர் சுற்றினான், ஒரு வாய் வைத்தான், எழுந்தான். நானும் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் போனேன். அங்கவஸ்திரத்தைக் கையில்கூட எடுத்துவிட்டேன். பிறகு அதை ஆணியிலேயே மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, தள்ளின இலையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். என் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. இருந்தாலும் சாப்பிட்டேன்.

சுப்பிணி வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். "அப்பா, எழுந்துண்டா உட்காரப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்" என்றான்.

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்டா. வா, உட்காரு" என்றேன்.

உடனே வந்துவிடவில்லை. உன் பிள்ளை அல்லவா, என் பிள்ளையும்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் நிஜமாகவே சாப்பிடுகிறேனா என்று பார்த்தான். பிறகு வந்து உட்கார்ந்தான். நாலு கவளம் சாப்பிட்டான், அதற்கு மேல் இல்லை. ரசம் கொதித்துவிட்டது என்றும் சொன்னான். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். ஜானு அவரைக்காயை மட்டும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் சாப்பிட்டாள். இந்த இரண்டும் ஒரே நாளில் திருந்திவிடும் என்று நான் நம்பவில்லை. இன்று காலையில் மறுபடி கடுகைப் பொறுக்குகிற வேலை ஆரம்பமாகிவிட்டது, எனக்கு மறுபடி பல்லைக் கடிக்கிற வேலை. ஆனால் யாரும் எழுந்துபோகவில்லை.

உன் அப்பாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அனுப்புவதா இல்லையா என்று அவர் யோசிக்கவேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன், ஸ்யாமளா சொல்வதே முடிவு என்று எழுதியிருக்கிறேன். நீ வரமாட்டேன் என்று சொன்னால் எனக்குத் தாங்காது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. உன் அம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல். லீவு கிடைத்தால் நேரில் வந்து விழுந்து நமஸ்காரம் செய்கிறேன்.

டாக்டர் சொன்ன மருந்தை விடாதே. அங்கே முதல் பந்தியிலேயே உட்காரு. யார் சாப்பிட்டார்கள், யார் எழுந்துபோனார்கள் என்று பார்க்காதே. எந்த வேளையும் யாருக்காகவும் காத்திராதே. நீயும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் நன்றாக இருக்கவேண்டும், மீனாக்ஷி கடாக்ஷம் உனக்குப் பரிபூரணமாக இருக்கட்டும். எனக்கு நீண்ட பதில் வேண்டாம். ஒரே ஒரு விஷயத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். பதினொரு வருஷத்தில் ஒரு நாளாவது உன்னைக் கேட்டிருக்கவேண்டியது, கல்லிடைக்குறிச்சி வரைக்கும் நீ போன பிறகு தபாலில் கேட்கிறேன்.

ஸ்யாமளா, சாப்பிட்டாயா?

பஞ்சாபகேசன்