எள்ளில்லை, மண்

மச்சான்,

இன்று காலை எங்கள் குசினியில் ஒரு விசித்திரமான மணம். உன் முதலாண்டுத் திவசம் அல்லவா? உனக்குப் பிடித்த எள்ளுருண்டை எங்கள் வீட்டுப் பொறுப்பு. "என்னப்பா, உந்த எள்ளு வெடிக்குதுமில்லை, எள்ளு மணம் வருகுதுமில்லை. பழசோ?" என்று மனைவி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், தாச்சியில் வறுபட்டுக்கொண்டிருந்தது உன் கறுப்பு மணல். அலுமாரியின் மேல்தட்டில் நான் ஒளித்து வைத்திருந்த ஜாம் போத்தலை எடுத்துக் கொட்டியிருக்கிறாள். "நல்ல காலம், உருட்டேல்லை" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

ஹவாய்க்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தவன் நீ. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருவருக்கும் பாதி ஆயுள் போய்விட்டது. "சனத்தின்ரை பெட்டியைத் தூக்கியே முதுகும் நாரியும் போச்சு. ஒருக்கா எங்கடையையும் தூக்குவம்" என்றாய். இரண்டு குடும்பமுமாகப் போனோம்.

எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து நொறுங்கித்தான் அந்தக் கரை கறுத்ததாம். நீதான் விளக்கினாய். எனக்குக் கால் சுட்டது. "கரி கொட்டினமாதிரிக் கிடக்கு. இதுக்கோ இவ்வளவு தூரம்?" என்று புறுபுறுத்தேன். "கறுப்பெண்டா உனக்கு இளக்காரமோ? நீ கண்ணாடி பாக்கிறேல்லையோ?" என்றாய். மணல் எடுக்கக்கூடாது என்ற பலகையை எனக்கு வாசித்துக் காட்டியவனும் நீதான்.

பிறகு ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாய். சும்மா, விளையாட்டாகத்தான். அலை வந்து உன் கையில் ஏறியது. மணலும் தண்ணீருமாகச் சேர்ந்து உன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் வழிந்தது. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது அப்படித்தான். நீ சட்டென்று கையைப் பொத்திக்கொண்டாய். உன் முகம் மாறியதை நான் கண்டேன்.

போரில் காணாமல் போன உன் தம்பிக்கு நீ ஒருநாளும் எள்ளுத்தண்ணீர் இறைத்ததில்லை. சொந்தக்காரர் எத்தனை தரம் சொல்லியும், "உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் திவசம் செய்வினமோ?" என்று ஒரே பதில்தான். எல்லாம் தெரிந்த நான் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"விடு மச்சான், கை தானாச் செய்துபோட்டுது. செய்ததாவே இருக்கட்டும்" என்றேன்.

"இது எள்ளில்லையடா. மண்" என்றாய். பொத்திய கையைக் களிசான் பொக்கற்றுக்குள் விட்டபடி கரையேறினாய். திரும்பி வரும்வரை என்னோடு பேசவில்லை. விமானத்திலும் வேறு வரிசையில் போய் இருந்தாய். ஒரு கிழமை கழித்து மோர்னிங்சைட்டில் எங்கள் வாசலில் அந்த மணல் போத்தலோடு வந்து நின்றாய். "இந்தப் போத்தலை நீ வைச்சிரு. என்ரை வீட்டிலை கிடந்தா நான் அதையே பாத்துக்கொண்டிருப்பன். எறிஞ்சுபோடாதை" என்றாய். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தாய், வேலைக் கதை கதைத்தாய். அந்தக் கரையைப் பற்றி மட்டும் நாங்கள் பிறகு கதைக்கவே இல்லை. அன்று சொன்னதற்கு நான் உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

மத்தியானம் ரூஜில் உன் வீட்டில் திவசம் நடந்தது. உன் மகன் ஐயருக்கு முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தான். உனக்கும் உன் அப்பாவுக்கும் பாட்டனுக்கும் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அவன் கை உன் கைமாதிரியே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

"வேறை ஆரின்ரையும் பேர் சொல்ல இருக்கோ?" என்று ஐயர் கேட்டார்.

உன் மகன் தாயைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவனுடைய சித்தப்பாவின் பெயரை ஒருவர் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். உன் தம்பி எங்கேயோ இருக்கிறான் என்று நான் நம்புகிறேனா? எனக்குத் தெரியாது மச்சான். ஆனால் நீ முடிக்காததை முடித்துவைக்க நான் ஆர்?

"இல்லை ஐயா. வேறை ஒருத்தரும் இல்லை" என்றேன்.

உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். உன்னிடம் கேட்காத மன்னிப்பை அப்போது கேட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்.

வீட்டுக்கு வந்து, ஆறிப்போன மணலை ஒரு மணியும் சிந்தாமல் போத்தலில் திரும்பப் போட்டேன். இன்னொரு தரம் மாறாமல் இருக்கப் பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள் மனைவி.

'மண்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.